பாட்டி ஏன் இரண்டு வருடப் படிப்பு வேண்டாம் என்கிறார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மாமியார் 1961இல் பார்படோஸிலிருந்து லண்டனுக்கு வந்து, ஓய்வுபெறும்வரை நர்ஸாக வேலை பார்த்தவர். பதினேழு வயதாகும் உங்கள் மகளும் பாட்டி வழியிலேயே நர்ஸாக விரும்புகிறாள். பக்கத்து மருத்துவமனை ஒன்று இரண்டு வருட நர்சிங் அசோசியேட் (உதவியாளருக்கும் நர்ஸுக்கும் இடைப்பட்ட பணி) அப்ரண்டிஸ்ஷிப்புக்கு, அதாவது வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பயிற்சிக்கு, ஆள் எடுக்கிறது. சம்பளம் உண்டு, படிப்புக் கட்டணம் கிடையாது. உங்களுக்கு அது நல்ல வாய்ப்பாகத் தெரிகிறது. பாட்டி மட்டும் "இரண்டு வருடப் படிப்பில் கையெழுத்துப் போடாதே" என்று பிடிவாதமாக இருக்கிறார், ஏன் என்று சொல்ல மறுக்கிறார். கூடவே, பிரிட்ஜ்டவுனில் இருக்கும் உங்கள் மனைவியின் அக்கா மகனும் பாட்டியின் பெயரைச் சொல்லி இங்கிலாந்து வர முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பாட்டியின் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் மகள் எதில் கையெழுத்துப் போடலாம் என்பதும் பாதி தெளிந்துவிடும்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோதே நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. 1949 முதல் சுகாதார, தொழிலாளர், காலனி அமைச்சகங்கள் கூடிக் கரீபியன் தீவுகளில் ஆள் எடுக்கத் தொடங்கின. 1955க்குள் 16 காலனிகளில் அதிகாரப்பூர்வத் திட்டங்கள் நடந்தன. பார்படோஸ் அவற்றில் முக்கியமானது. இளம்பெண்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வார்த்தைதான்: "நர்சிங் பயிற்சி." ஆனால் பயிற்சி ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, மூன்று வருடம் படித்து ஸ்டேட் ரெஜிஸ்டர்டு நர்ஸ், அதாவது எஸ்.ஆர்.என். ஆவது. 1919 சட்டப்படி ஏற்பட்ட 'ரெஜிஸ்டர்' பதிவேட்டில் பெயர் ஏறும். ஸ்டாஃப் நர்ஸ், வார்டுக்குத் தலைவியான சிஸ்டர், நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் என்று ஏணி மேலே போகும். இரண்டாவது, இரண்டு வருடத்தில் ஸ்டேட் என்ரோல்டு நர்ஸ், எஸ்.இ.என். ஆவது. 1943 சட்டத்தால் வந்த 'ரோல்' என்ற வேறு பதிவேட்டில் பெயர் ஏறும். வார்டில் வேலை கிட்டத்தட்ட அதே வேலை. எத்தனையோ இரவுகளில் வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டவர் எஸ்.இ.என்.தான். ஆனால் சிஸ்டர் பதவி அவருக்குக் கிடையாது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பல கரீபியன் நாடுகளில் எஸ்.இ.என். தகுதியை ஏற்கவில்லை. மூன்று நான்கு வருடம் படித்து, சம்பாதித்து ஊர் திரும்புவோம் என்று கப்பலேறிய பெண், திரும்பிப் போனால் ஊரில் நர்ஸே அல்ல.

எஸ்.ஆர்.என். படிக்கப் போதுமான பள்ளிச் சான்றிதழோடு வந்த பெண்களே பலர் இரண்டாவது வழியில் தள்ளப்பட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்பதே பயிற்சி பாதி முடிந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. முதியோர் வார்டு, மனநல மருத்துவமனை என்று உள்ளூர்ப் பெண்கள் போகத் தயங்கிய இடங்களுக்கே இவர்கள் அதிகம் அனுப்பப்பட்டார்கள். உங்கள் மாமியாரிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள்: பயிற்சியில் இருந்தபோது அவரை 'ஸ்டூடண்ட் நர்ஸ்' என்று அழைத்தார்களா, 'பியூபில் நர்ஸ்' என்றா? முன்னது எஸ்.ஆர்.என். பயிற்சியில் இருப்பவருக்கு, பின்னது எஸ்.இ.என். பயிற்சியில் இருப்பவருக்கு. 'பியூபில்' என்று பதில் வந்தால் இத்தனை நாள் சொல்லாத காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதற்குமேல் துருவ வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

ரெஜிஸ்டரில் பெயர் ஏறியவர்களுக்கும் பாதை பூப்பாதை அல்ல. ஆனாலும் அவர்களுக்குக் கதவு இருந்தது. கயானாவிலிருந்து வந்த டாஃப்னி ஸ்டீல் 1964இல் யார்க்‌ஷயரின் இல்க்லியில் என்.எச்.எஸ்.ஸின் முதல் கறுப்பின மேட்ரன் ஆனார். பார்படோஸில் பிறந்த நோலா இஷ்மயில் பின்னாளில் லண்டனின் முதல் கறுப்பின நர்சிங் இயக்குநர் ஆனார். திறமையில் இவர்களுக்கு இணையாக இருந்தும் 'ரோல்' பதிவேட்டிலேயே ஓய்வுபெற்றவர்கள் ஏராளம்.

இப்போது உங்கள் மகளின் முன் இருப்பதைப் பார்ப்போம். எஸ்.இ.என். பயிற்சி 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனது. அந்த இடம் காலியாகவே இருந்து, 2019 ஜனவரியில் இங்கிலாந்தில் நர்சிங் அசோசியேட் என்ற பெயர், நர்ஸ்களைப் பதிவுசெய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் பதிவேட்டில் ஏறியது. இரண்டு வருடம், முழு டிகிரிக்குக் கீழுள்ள ஃபவுண்டேஷன் டிகிரி, என்.எச்.எஸ். சம்பள வரிசையில் பேண்ட் 4. இதைக் கேட்டதும் பாட்டிக்கு 1961 கண்முன் வந்ததில் வியப்பில்லை.

ஆனால் பழைய வலை அப்படியே திரும்பிவிட்டது என்று சொல்வதும் நியாயமல்ல. அன்று ரோலிலிருந்து ரெஜிஸ்டருக்கு மாறுவது மிகக் கடினமாக இருந்தது. இன்று நர்சிங் அசோசியேட் படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மீதியைச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு வருடத்தில் முடித்து ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆகலாம். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. என்.எம்.சி. தரநிலையில் ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு ஏழு பகுதிகள், அசோசியேட்டுக்கு ஆறு. நோயாளியின் தேவையை மதிப்பிட்டுப் பராமரிப்பைத் திட்டமிடுவது, பராமரிப்பை முன்னின்று நடத்துவது இரண்டும் ரெஜிஸ்டர்டு நர்ஸின் பொறுப்பு. திட்டப்படி பராமரிப்பைத் தருவதும், மாற்றங்களைக் கவனித்துச் சொல்வதும் அசோசியேட்டின் பொறுப்பு. சம்பளத்திலும் அது தெரியும். 2025–26 கணக்கில் அசோசியேட்டின் பேண்ட் 4 தொடக்கம் ஆண்டுக்கு 27,485 பவுண்டு, ரெஜிஸ்டர்டு நர்ஸின் பேண்ட் 5 தொடக்கம் 31,049 பவுண்டு. லண்டன் படி இரண்டுக்கும் தனி.

என் கருத்து இது. உங்கள் மகளுக்கு டிகிரி சேரும் அளவுக்கு மதிப்பெண் வரும் என்றால், பதினேழு வயதில் அசோசியேட் வழியைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. நேராக மூன்று வருட நர்சிங் டிகிரிக்குப் போகட்டும். கடன் வேண்டாம், சம்பளத்தோடுதான் படிக்க வேண்டும் என்றால் ரெஜிஸ்டர்டு நர்ஸ் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நான்கு வருடம். முடிக்கும்போது கையில் கிடைப்பது அதே ரெஜிஸ்டர்டு நர்ஸ் தகுதி. இடம் குறைவு, ஏற்கெனவே அங்கே ஹெல்த்கேர் உதவியாளராக இருப்பவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கும். விளம்பரங்கள் என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்தில் வரும், பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு சேர்ந்து வராது. அசோசியேட் வழி யாருக்குப் பொருந்தும் என்றால், குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே படிக்க வேண்டியவருக்கும், மூன்று வருடம் வருமானமில்லாமல் இருக்க முடியாதவருக்கும், பள்ளி மதிப்பெண் இடறியவருக்கும். அவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல கதவு.

அப்படியும் அசோசியேட்தான் என்று முடிவானால், கையெழுத்துக்கு முன் மருத்துவமனையிடம் சில விஷயங்களை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். டிகிரிக்கு மேற்படிப்பு அனுப்புகிறீர்களா? கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் போனார்கள்? முடித்த பிறகு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? நடுவில் விலகினாலோ, முடித்தவுடன் வேறு மருத்துவமனைக்குப் போனாலோ பணம் திருப்பிக் கட்ட வேண்டுமா? எந்தப் பல்கலைக்கழகம், அதன் படிப்புக்கு என்.எம்.சி. ஒப்புதல் இருக்கிறதா? "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் பாட்டி சொன்னதையே கேளுங்கள். 1961இல் அவருக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். இன்னொன்று: அசோசியேட் தகுதி இங்கிலாந்துக்காக உருவானது. நாளைக்கு மகள் பார்படோஸிலோ கனடாவிலோ வேலை தேடினால் 'நர்ஸ்' என்று நடத்தப்படுவாள் என்ற நம்பிக்கை வேண்டாம்.

டிகிரி வழி என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். முதலில் தீர்மானிக்க வேண்டியது துறை. பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு உண்டு. விண்ணப்பிக்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்றுவது சிரமம். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் உட்பட ஐந்து பாடங்களில் கிரேடு 4 அல்லது மேல் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அதோடு பதினெட்டு வயதில் முடிக்கும் ஏ லெவல் அல்லது பிடெக் (BTEC) என்ற தொழில்சார் படிப்பு. கணிதத்தில் கிரேடு 3 வாங்கிவிட்டு, "ஏ லெவல் நன்றாக வந்தால் போதும்" என்று விட்டுவிடுபவர்கள் வருடாவருடம் மாட்டிக்கொள்கிறார்கள். மறுதேர்வை முன்பே எழுதிவிட வேண்டும்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து இடம் தேர்ந்தெடுக்கலாம். ஜனவரி கெடுவுக்குள் அனுப்பினால்தான் எல்லாரோடும் சமமாகப் பார்ப்பார்கள். 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14. நடுவில் இருக்கும் தன்விளக்கக் கட்டுரையின் அமைப்பு 2026 சேர்க்கையிலிருந்து மாறிவிட்டது. ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மொத்தம் 4,000 எழுத்து, இடைவெளி உட்பட. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350.

பாட்டி கதை இங்கேதான் வரும், இங்கேதான் தவறும் நடக்கும். "என் பாட்டி நர்ஸ், அதனால் சேவை என் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று எழுதினால் தேர்வாளருக்கு மகளைப் பற்றி எதுவும் தெரியாது. ரத்தத்தில் இருப்பதற்கு மதிப்பெண் கிடையாது. பாட்டியிடம் கேட்டுக் கற்றதை எழுதினால் கிடைக்கும். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் திருப்பிப் படுக்க வைத்தீர்கள் என்று கேட்கட்டும். அதிலிருந்து படுக்கைப்புண் எப்படி வருகிறது, அழுத்தம் ரத்த ஓட்டத்தை எப்படித் தடுக்கிறது என்று உயிரியலோடு சேர்த்து நான்கு வரி எழுதட்டும். முதல் கேள்வியில் பாட்டிக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். மூன்றாவது கேள்விக்கு அவள் கையால் செய்தது வேண்டும்: முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இளையோர் பிரிவு, நோயாளியான உறவினரைப் பார்த்துக்கொண்டது. எத்தனை மணி நேரம் என்பதைவிட, என்ன கண்டாள், அதிலிருந்து என்ன மாற்றிச் செய்தாள் என்பதே முக்கியம்.

நேர்முகத்தில் சின்னச் சின்னச் சூழல்களைக் கொடுத்துக் கேட்பார்கள். ஒரு நோயாளி சாப்பிட மறுக்கிறார், சக மாணவி கை கழுவாமல் போகிறாள், நீ என்ன செய்வாய் என்பது போல. என்.எச்.எஸ். சாசனத்தின் ஆறு விழுமியங்களை ஒப்பிக்கத் தேவையில்லை. மரியாதை, கண்ணியம் என்று பொதுவாகச் சொல்லாமல் 'திரையை இழுத்து மூடிவிட்டுக் கேட்பேன்' என்று செயலாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

இடம் கிடைத்ததும் உடல்நலச் சோதனையும், குற்றப்பதிவு குறித்த விரிவான டி.பி.எஸ். சோதனையும் வரும். ஹெபடைடிஸ் பி ஊசி வழக்கமான அட்டவணைப்படி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். இரண்டு ஊசிக்கும் சான்று வேண்டும். சின்ன வயதில் ஊசி போட்ட சீட்டைக் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் கேட்டு இப்போதே எடுத்து வையுங்கள். படிப்பு தொடங்கும் செப்டம்பரில் தேடத் தொடங்கினால் முதல் பயிற்சி வார்டுக்கே அனுப்பமாட்டார்கள்.

பணம் பற்றி. மூன்று வருடத்துக்கும் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 9,500 பவுண்டுக்கு மேல். அதற்கும் வாழ்க்கைச் செலவுக்கும் மாணவர் கடன் உண்டு. இது தவிர, இங்கிலாந்தில் என்.எச்.எஸ். லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் ஆண்டுக்கு 5,000 பவுண்டு தருகிறது. திருப்பிக் கட்ட வேண்டாம், பெற்றோர் வருமானமும் பார்ப்பதில்லை. மனநலம் அல்லது கற்றல் குறைபாடு துறை எடுத்தால் இன்னும் 1,000. பயிற்சி வார்டு தூரமாக இருந்தால் கூடுதல் போக்குவரத்துச் செலவும் கேட்டுப் பெறலாம். இது தானாக வராது. கடன் விண்ணப்பத்தோடு சேர்ந்தும் வராது. தனியாக, ஒவ்வொரு ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பயண ரசீதுகளைத் தூக்கிப் போடக்கூடாது. ஸ்காட்லாந்தில் படித்தால் அந்நாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு உதவித்தொகை, கட்டணமும் இல்லை. ஆனால் லண்டனில் வசிக்கும் உங்கள் மகளுக்கு அது பொருந்தாது.

படிப்பு எப்படி இருக்கும் என்பதில் பாட்டியின் நினைவும் இன்றைய நடைமுறையும் மோதும். பாட்டி காலத்தில் மருத்துவமனையே பள்ளி. நர்ஸ் விடுதியில் தங்க வேண்டும், கதவு அடைக்கும் நேரத்தை ஹோம் சிஸ்டர் பார்ப்பார், சிறு ஊதியம் உண்டு, அதில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் பிடித்துக்கொள்வார்கள். மாணவியே வார்டின் வேலைக்காரியும். இன்று மாணவியை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது விதி. 2018 தரநிலைப்படி மொத்தம் 4,600 மணி நேரம், பாதி வகுப்பு, பாதி வார்டு. வார்டு நாள் பெரும்பாலும் காலை 7.30 முதல் இரவு 8 வரை நீளும். இரவு ஷிப்டும் வார இறுதியும் உண்டு.

இந்த 2,300 வார்டு மணி நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காய்ச்சலில் மூன்று நாள் போகவில்லை என்றால் அந்த மணிநேரம் கடனாக நிற்கும், மணிக்கு மணி திருப்பிச் செய்ய வேண்டும். முதலாண்டில் அலட்சியமாக விட்டது மூன்றாம் ஆண்டு முடிவில் வந்து நிற்கும். தோழிகள் பதிவெண் வாங்கி வேலைக்குப் போகும்போது இவள் மட்டும் இன்னும் மூன்று வாரம் வார்டில் மாணவியாக இருப்பாள். அடுத்தது மதிப்பீட்டு ஆவணம். ஒவ்வொரு வார்டிலும் தொடக்க, நடு, இறுதிப் பேச்சு மூன்றும் நடந்து கையெழுத்தாக வேண்டும். அன்றாடம் கூட இருந்து கற்றுத்தரும் சூப்பர்வைசர் வேறு, தேர்ச்சி தரும் அசெஸர் வேறு. கடைசி ஷிப்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அன்று அசெஸருக்கு விடுமுறையாக இருக்கும். முதல் வாரமே மூன்று தேதிகளையும் அவர் டைரியில் எழுத வைப்பதுதான் ஒரே வழி.

ஆள் குறைந்த நாளில் மாணவியை உதவியாளர் போலவே படுக்கை விரிக்க, குளிப்பாட்ட என்று நாள் முழுக்க ஓட விடுவார்கள். குளிப்பாட்டுவதும் கற்றல்தான், தோலைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் வாரக்கணக்கில் அதுவே நடந்தால் முதலில் சூப்பர்வைசரிடம், பிறகு மருத்துவமனையின் பயிற்சிப் பொறுப்பாளரிடமும் பல்கலைக்கழகத் தொடர்பு ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும். "நாங்கள் வாயைத் திறந்ததில்லை" என்று பாட்டி சொல்லக்கூடும். அன்று திறந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான் என்.எம்.சி. நடத்தை விதிப்படி தவறு.

மருந்துக் கணக்குத் தேர்வில் 100 சதவீதம் வாங்கினால்தான் தேர்ச்சி. 98 என்றாலும் தோல்விதான். மருந்தில் தசமப்புள்ளி ஒரு இடம் தள்ளினால் அளவு பத்து மடங்காகிவிடும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. கணக்கு கடினமில்லை. தேவையான அளவை கையில் உள்ள அளவால் வகுத்து, அது கலந்திருக்கும் திரவ அளவால் பெருக்க வேண்டும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள மருந்தில் 400 மில்லிகிராம் வேண்டும் என்றால் 400 வகுத்தல் 250, பெருக்கல் 5, ஆக 8 மில்லி. ஒரு லிட்டர் டிரிப் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாய் மில்லிக்கு 20 சொட்டு என்றால் 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்து, நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் குழப்புவதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். கணக்குக்கு முன் அலகை மாற்றிவிட வேண்டும். இதைப் பாட்டியோடு உட்கார்ந்து பழகலாம். பம்ப் இல்லாத காலத்தில் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணியவர் அவர். அந்தக் கடிகாரமும் இன்றுவரை இருக்கிறது. முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்பதால் கைக்கடிகாரம் ஆகாது, மார்பில் தலைகீழாகக் குத்தும் ஃபாப் வாட்ச்தான். பாட்டியுடையது ஓடும் நிலையில் இருந்தால் மகள் அதையே அணியலாம்.

மகளுக்கு இன்னொரு பலமும் உண்டு. பாடப்புத்தகப் படங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலை வைத்தே வரையப்பட்டவை. படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி 'அழுத்தினாலும் மறையாத சிவப்பு' என்று படிப்பார்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, வலி, ஊதா சாயல் இவற்றைத் தொட்டும் கேட்டும் அறிய வேண்டும். ஆக்சிஜன் குறைவதை உதடு, நாக்கு, ஈறில் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அரிவாள் செல் எனும் பரம்பரை ரத்த நோய் உள்ளவர் வலியோடு வந்தால் 30 நிமிடத்துக்குள் வலி மருந்து தர வேண்டும் என்று, சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. வார்டில் அது தவறும்போது கேட்கத் தெரிந்த ஒரு நர்ஸ் அங்கே இருப்பது பெரிய விஷயம். தமிழ் அப்பாவுக்கும் பார்படோஸ் வழி அம்மாவுக்கும் பிறந்த பெண் இதையெல்லாம் வீட்டுக் கண்ணாலேயே பார்த்து வளர்ந்தவள். நம் ஊர்த் தோலுக்கும் இதே பாடம்தான்.

முதல் வேலையைத் தேடும்போது வார்டின் பெயரைவிட, புதிய நர்ஸுக்கு அனுபவசாலி ஒருவரின் துணையோடு வேலை பழகும் பிரிசெப்டர்ஷிப் எத்தனை மாதம் தருகிறார்கள், தொடக்கத்தில் எத்தனை ஷிப்ட் கூடுதல் ஆளாக வைத்திருப்பார்கள் என்று கேட்கட்டும். பேண்ட் 5இல் கறுப்பின, ஆசிய நர்ஸ்கள் தேங்கி நிற்பது இன்றும் தீராத குறை. அதை அளப்பதற்கென்றே என்.எச்.எஸ். 2015இல் ஒரு இனச்சமத்துவத் தரநிலையைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கும் வெளியாகிறது. விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடலாம். முதல் நாளிலிருந்தே, தான் பொறுப்பேற்று நடத்திய ஷிப்ட், கற்றுக்கொடுத்த மாணவர்கள், செய்த திருத்தங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்தால் பேண்ட் 6 விண்ணப்பத்துக்கு அதுவே சான்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் படிப்பு, அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதிய ஐந்து குறிப்புகள் கேட்பார்கள். அதற்கும் அந்த நோட்டே போதும்.

மனைவியின் அக்கா மகன் விஷயம். பாட்டி என்.எச்.எஸ்.ஸில் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் அதனால் பேரனுக்கு விசா கிடையாது. 'ஆன்செஸ்ட்ரி விசா' என்று பலர் சொல்வது, தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால் மட்டும். உங்கள் மாமியார் பிறந்தது பார்படோஸில். ஆனால் அவன் அம்மா 1971இல் லண்டனில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1983க்கு முன் பிரிட்டனில் பிறந்தவர் என்பதால் அவர் பிரிட்டிஷ் குடிமகள், வெளிநாட்டில் பிறந்த அவர் மகனும் பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடிமகன். விசாவே தேவையில்லை. அம்மாவின் முழுப் பிறப்புச் சான்றிதழையும் தன்னுடையதையும் வைத்து நேராக முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. பாஸ்போர்ட் இருந்தாலும், படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று வருடம் பிரிட்டனில் வாழ்ந்திருக்காவிட்டால் பல்கலைக்கழகம் அவனை வெளிநாட்டு மாணவனாகவே கணக்கிடும். கட்டணம் பல மடங்கு, கடனும் இல்லை, அந்த 5,000 பவுண்டும் இல்லை. அதனால் அவன் பார்படோஸ் கம்யூனிட்டி காலேஜிலேயே நர்சிங் படித்து, கரீபியன் நாடுகளுக்குப் பொதுவான பதிவுத் தேர்வை எழுதி, அங்கே பதிவுசெய்த பிறகு என்.எம்.சி.யின் கணினித் தேர்வையும் இங்கே வந்து செய்முறைத் தேர்வையும் எழுதுவது மேல். அல்லது முதலில் இங்கே வந்து மூன்று வருடம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டுச் சேரலாம்.

கடைசியாக, பாட்டியின் பதிவைத் தேடித்தர முடியுமா என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கப்பல் பயணிகள் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் வருகைப் பட்டியல்கள் 1960 வரைதான், அவர் வந்தது 1961. நர்ஸ் பதிவேடுகள் அங்கேயே 1973 வரை இருக்கின்றன. டிடி 10 என்ற வரிசை ரெஜிஸ்டர், டிடி 11 என்பது ரோல். திருமணத்துக்கு முந்தைய பெயர், பயிற்சி பெற்ற மருத்துவமனை, தேறிய ஆண்டு மூன்றும் தெரிந்தால் தேடல் எளிது. கிளம்புவதற்கு முன் மகள் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். அவர் 'பியூபில் நர்ஸ்' என்று பதில் சொல்லியிருந்தால், திறக்க வேண்டியது டிடி 11. பேத்தி அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை அவர் விரும்புகிறாரா என்பதும் அவர்தான் சொல்ல வேண்டியது.